கரண்டை நிறுத்திய மருமகன்

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் கதீப் மௌலவி குத்பாப் பிரசங்கத்துக்கு எழும்பி நின்று நாலு வார்த்தை ஓதியிருக்கமாட்டார். கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது. தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடிகள் ஒவ்வொன்றாக அடங்கின. வெளியே கச்சான் காற்று அனலை வாரிக்கொண்டு வருகிற ஜூலை மாதம். உள்ளே தோளோடு தோளாக எழுநூறு பேர் இருக்கிறோம்.

என் பக்கத்தில் இருந்த கலந்தர் எழும்பினான். குத்பா நடக்கும்போது எழும்பக் கூடாது, கதைக்கவும் கூடாது. நான் அவன் சாரனைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டு, ஆட்களின் தோள்களைத் தாண்டித் தாண்டி வெளியே ஓடினான்.

ஏன் ஓடினான் என்று எனக்குத் தெரியும். கலந்தர் ஸஹீத் ஹாஜியாரின் நெல் மில்லில் பொயிலர்க்காரன். நெல் அவிக்கிற ஆவி அந்தப் பொயிலரிலிருந்துதான் வரவேண்டும். வெள்ளிக்கிழமைகளில் உமியைக் குறைத்து, நெருப்பை மூடிப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வருவான். ஒரு மணித்தியாலம் தாங்கும். ஆனால் பொயிலருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்பு கரண்டில் ஓடுவது. பம்பு நின்றால் உள்ளே தண்ணீர் வற்றும். வற்றினால் வெடிக்கும். அடுப்பிலிருக்கிற நெருப்பை வாரி வெளியே கொட்டினால்தான் தப்பலாம். அது தெரிந்தவன் அந்த மில்லில் அவன் ஒருவன்தான்.

நான் ஆதம்பாவா. கலந்தர் வீட்டாருக்கு நான் காக்கா, மூத்த அண்ணன் முறை. அதே மில்லில் முப்பத்தைந்து வருடம் மூட்டை சுமந்தவன். படிப்பு இரண்டாம் வகுப்போடு முடிந்தது. நான் யாரையும் லேசில் நம்பமாட்டேன். தராசை நம்பமாட்டேன், தராசு பிடிக்கிறவனை அதைவிட நம்பமாட்டேன், கரண்ட் பில் கொண்டுவருகிறவனுக்குக் குந்தக் கதிரை கொடுக்கமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

தொழுகை முடிந்து நாங்கள் முற்றத்துக்கு வந்தபோது கலந்தர் கேற்றால் உள்ளே வந்தான். வெள்ளைச் சேர்ட் கறுப்பாகிக் கிடந்தது. புருவம் கருகியிருந்தது. கையிரண்டும் முழங்கை வரைக்கும் கரி.

"முடிஞ்சிட்டா?" என்று கேட்டான்.

"முடிஞ்சிட்டு," என்றேன்.

"நாப்பது வருஷம் காக்கா. ஒரு ஜும்ஆத் தொழுகை உட்டதில்ல. காய்ச்சலோட வந்தன். சுனாமிக்குப் பொறகு வந்த வெள்ளிக்கிழமை, உடுக்க ஒரு சாரன் இல்லாம, இரவல் சாரன்ல வந்தன். இண்டைக்குப் போச்சு."

அவன் பள்ளி முற்றத்தின் நடுவில் நின்று அந்தக் கரிக் கையிரண்டையும் தூக்கினான். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களும் நின்றார்கள்.

"யா அல்லாஹ்! ஆரு இந்த நேரத்தில கரண்ட நிப்பாட்டினானோ, அவன்ட கை வெளங்காமப் போகட்டும்! சுவிச்சத் தொட்ட அந்தக் கை சோத்துக்கும் எழும்பாமப் போகட்டும்!"

"ஆமீன்," என்றது முற்றம். நானும் சொன்னேன். மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னேன்.

பதுவா என்பது சும்மா ஏச்சு இல்லை. அல்லாஹ்விடம் கையேந்திக் கேட்கிற சாபம். எங்கள் ஊரில் அதை லேசில் கேட்கமாட்டார்கள். கேட்டால் அது போய்ச் சேரும் என்று எல்லாருக்கும் பயம். அன்று யாருக்கும் பயம் வரவில்லை, வியர்வைதான் வந்தது. மூன்று மணிக்குத்தான் கரண்ட் வந்தது. அதற்குள் ஊறல் தொட்டியில் கிடந்த நாற்பது மூட்டைச் சம்பா நெல் புளித்துவிட்டது. காரைதீவு செல்லத்தம்பியின் நெல் அது.

செவ்வாய்க்கிழமை விடிய, கலந்தரின் மருமகன் முர்ஷித் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். வரவேண்டிய நாளில்லை. போய் ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. வலது மணிக்கட்டில் துணிக்கட்டு.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். வீடு பெண்ணுக்குக் கொடுத்த வீடு. கலந்தரும் பெண்சாதி சரீபாவும் மகள் றுக்ஸானாவுக்கு முன்வீட்டைக் கொடுத்துவிட்டு, குசினிக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து அதில் ஒதுங்கிவிட்டார்கள். கல்யாணம் முடிந்து எட்டு மாதம். புது மருமகனிடம் மாமனும் மாமியும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் அவனுக்கு இருக்க மனம் வராது. ஆக்கி, எல்லாரும் ஒன்றாகக் கைவைக்கிற சஹன் தட்டில் போடுவார்கள், மிச்சத்தை முகத்தைப் பார்த்து ஊகிப்பார்கள்.

முர்ஷித்துக்கு நாட்டின் மற்றக் கரையில் வேலை. சங்குமுனை என்ற இடத்தில் நிலக்கரி எரித்துக் கரண்ட் எடுக்கிற நிலையம். அதன் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறான். மூன்று கிழமை, இருபத்தொரு நாள் அங்கே, ஒரு கிழமை இங்கே. பொழுதுபட்டுத் தெரு விளக்கு எரியத் தொடங்கினால் கலந்தர் அண்ணாந்து பார்த்து, "மருமகன் டியூட்டியில நிக்காரு," என்பான். எங்கள் தெரு விளக்குக்குக் கரண்ட் எங்கேயிருந்து வருகிறது என்று யார் கண்டது? ஆனால் கலந்தருக்கு வெளிச்சம் வந்தால் மருமகன் தந்தது. போனால் வேறு எவனோ பறித்தது.

அன்று பகல் சரீபா என் வளவுக்கு வந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முருங்கை மரத்தோடு சாய்ந்து நின்றாள்.

"காக்கா, ஊட்டில ஒரு புதினம் நடக்குது."

"மருமகன் வந்திரிக்கான். கண்டன்."

"வந்தது சரி. என்னத்துக்கு வந்த? பாரைக்குட்டி மீன் வாங்கிப் பால் ஆணம் காச்சி வெச்சன். எருமத் தயிர் வெச்சன். தொட்டுப்போட்டு எழும்பிட்டாரு. எங்கட மனிசன் சஹனுக்கு முன்னால குந்தினா, அந்தப் புள்ள எழும்பிப் போகுது. ஒரு சஹன்ல ரெண்டு பேரும் கை வெக்காம, காலையும் பகலும் ரெண்டு நேரமாப் போச்சு. இவரு அதையே நினைச்சுக்கொண்டு மில்லுக்குப் போயிட்டாரு."

"றுக்ஸானாக்கிட்டக் கேக்கிறதுதானே?"

"கேட்டன். 'உம்மா, அவருட வாயால வரட்டும்' எண்டாள். எனக்கு நெஞ்சு பதறுது காக்கா. அங்க வேறொருத்தி ஆரும்…"

"அவனுக்கா? அவன்ட மூஞ்சிக்கா?"

"வெளையாடாதீங்க. இல்லாட்டிக் களவு கிளவு எண்டு பேர் வெச்சுத் துரத்திட்டானுகளோ?"

எனக்கும் அந்த நினைப்புத்தான். செப்புக் கம்பி என்று நினைத்தேன். பெரிய இடங்களில் செப்புக் கம்பி களவு போவது எனக்குத் தெரியும்.

"நீங்க கேளுங்க காக்கா. ஒங்களுக்குத்தான் வெக்கம் மானம் ஒண்டும் இல்லையே."

இதை ஏச்சாகச் சொல்லவில்லை. கலந்தர் வீட்டில் கேட்கக் கூடாததைக் கேட்க வேண்டி வந்தால் என்னைத்தான் அனுப்புவார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனபோது, பையனுக்கு வலிப்பு இருக்கிறதா என்று கேட்டவனும் நான்தான்.

பின்னேர அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். கரையில் இழுத்துப் போட்டிருந்த தோணியின் நிழலில் முர்ஷித் இருந்தான். கடலைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் குந்தினேன். "தம்பி, என்ன களவெடுத்த?"

அவன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். ஊருக்கு வந்த பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"களவெடுக்கல்ல பெரிய மாமா."

"பொம்புளக் கேஸா?"

"அல்லாஹ்வே! இல்ல."

"அப்ப ஏன்டா அந்தச் சரீபாட மீன் ஆணத்தத் தின்னாம எழும்புற? நான் தின்னிருப்பனே."

அவன் மணலை இடது கையால் அள்ளி அள்ளி விட்டான்.

"அண்டைக்கு மாமா பதுவா கேட்டாரே, பள்ளியில. றுக்ஸானா அண்டைக்கே போன்ல செல்லிச் சிரிச்சிது. நீங்களும் ஆமீன் செல்லினீங்களாம்."

"செல்லினன். மறுகா?"

"அந்தக் கை இதுதான்."

கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினபோது நான் கொஞ்சம் தள்ளிக் குந்தினேன். என்னுடைய ஆமீனும் அந்தக் கட்டுக்குள் இருக்கிறது.

"என்ன நடந்த கைக்கு?"

"சனிக்கிழமை ஏணிப் படியில வழுக்கிட்டு. நரம்பு பிசகல்தான். டொக்டர் ரெண்டு கிழமை எண்டாரு."

"நீ ஏன் கரண்ட நிப்பாட்டின? அதச் செல்லு. எனக்கு விளங்குற மாதிரிச் செல்லு."

அவன் பொறுமையாகச் சொன்னான். நிலக்கரி எரிந்தால் சாம்பல் புகையோடு மேலே போகும். போகிற வழியில் ஒரு பெரிய பெட்டி. அதற்குள் தகடு தகடாகத் தொங்கும். தகட்டுக்குக் கரண்ட் கொடுத்தால் சாம்பல் வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். நாலு அறை. நாலும் வேலை செய்தால் புகைக்கூட்டால் போகிறது கண்ணுக்குத் தெரியாது.

"ரெண்டு அறை செத்துப்போய் அண்டைக்குப் பதினொரு நாள் பெரிய மாமா. திருத்துறதெண்டா மெஷின நிப்பாட்டணும். வெயில் காலம், கரண்ட் காணாது, நிப்பாட்ட ஏலா எண்டாங்க."

"சாம்பல் எங்க போகுது?"

"காத்துக் கடல்ல இருந்து ஊருக்குள்ள அடிக்குது. பக்கத்தில ஒரு மீனவக் கிராமம். வெள்ளிக்கிழமை காலையில ஒரு பொம்புள எங்கட கேற்றுக்கு வந்தா. கையில சுளகு, சுளகு நிறைய நெத்தலிக் கருவாடு. மேல சாம்பல் பூத்திரிந்திச்சு. காவல்காரன் உள்ளுக்கு உடல்ல. அவ ஒண்டும் கதைக்கல்ல. சுளக கேற்றுக்கு முன்னால வெச்சிட்டுப் போயிட்டா."

"மறுகா?"

"நான் டியூட்டிக்கு உள்ளுக்குப் போகக்குள்ள அந்தச் சுளகச் சுத்திக்கொண்டுதான் போகணும்."

அவன் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தான்.

"சட்டப் புத்தகத்தில கிடக்கு பெரிய மாமா. ஒரு கன மீற்றர் புகையில நூற்றைம்பது மில்லிகிராம் தூசிக்கு மேல போனா மெஷினக் குறைக்கணும். எங்கட மெஷின் நூற்றைம்பது மெகாவாட். தொண்ணூறுக்குக் குறைச்சா, மிச்சமிருக்கிற ரெண்டு அறையும் சாம்பலப் புடிச்சுக்கொள்ளும். நான் குறைச்சன். எழுதினன்."

"மிச்ச அறுபதும் எங்க போன?"

"எங்கயும் போகல்ல. வராம நிண்டுட்டு. எந்த ஊர வெட்டுறதெண்டு தீர்மானிக்கிறது வேற ஆக்கள். அண்டைக்கு எங்கட பகுதி வந்திச்சு. அது எனக்குத் தெரியாது."

நான் நம்பவில்லை. ஒரு பையன் தன் பிழையை மறைக்க எவ்வளவும் சோடிப்பான். "புகைக்குள்ள என்ன கிடக்கெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? ஏறி மோந்து பாத்தியா?" என்று கேட்டேன்.

அவன் போனை எடுத்து ஒரு படம் காட்டினான். கட்டம் போட்ட தாள். எனக்கு எழுத்து வராது, இலக்கம் வரும். மூட்டை எண்ணிப் பழகியவன். விரலை வைத்துப் பார்த்தேன். 140. 140. 140. பதினொரு நாளும் 140. வேறு வேறு பேனைகள், வேறு வேறு கையெழுத்துகள். பன்னிரண்டாவது வரியில் 412.

முப்பத்தைந்து வருடம் மூட்டை சுமந்தவனுக்கு ஒன்று தெரியும். ஒரே வயலில் ஒரே நாள் கட்டின இரண்டு மூட்டை ஒரே நிறை நிற்காது. பதினொரு மூட்டை ஒரே நிறை என்று எவனாவது எழுதினால் அவன் தராசில் ஏற்றவே இல்லை.

"இந்தக் கடைசி உன்ட எழுத்தா?"

"ஓம்."

"மத்தப் பதினொண்டும் பொய்."

"எங்களுக்கு மேல இரிக்கிற பெரியவர் 'நேத்து எழுதினதையே எழுதும் தம்பி' எண்டு செல்லுவாரு. எல்லாரும் எழுதினாங்க. நானும் அதில மூணு நாள் எழுதினன்."

அதையும் சொன்னான் பாருங்கள். அங்கேதான் நான் அவனை நம்பினேன்.

"இப்ப என்ன செல்றானுகள்?"

"ஊட்டுக்குப் போய் இரும் எண்டு அனுப்பிப்போட்டு ஒரு கடிதம் கேக்கிறாங்க. கருவி பிழையாக் காட்டினது, நான் அவசரப்பட்டுட்டன் எண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள குடுக்கணும். குடுத்தா பழைய வேலை. குடுக்காட்டி விசாரணை, வேலையும் போகலாம்."

"குடுக்கப் போறியா?"

"மாமாட ஜும்ஆ போச்சு. செல்லத்தம்பி அண்ணன்ட நெல்லும் போச்சு. இந்தக் கையோட மாமாக்கு முன்னால சஹன்ல குந்த எனக்கு ஏலாம இரிக்கி. எழுதிக் குடுத்திட்டா எல்லாம் அடங்கும் எண்டு நினைக்கன்."

"றுக்ஸானா என்ன செல்றாள்?"

"எழுதினா இந்த ஊட்டுக்கு வராதீங்க எண்டு செல்றா."

"ஊடு அவளுட ஊடுதானே. செல்லுவாள்," என்றேன்.

நேரே மில்லுக்குப் போனேன். கலந்தர் அடுப்பு வாயில் நின்று மண்வெட்டியால் உமி தள்ளிக்கொண்டிருந்தான். அந்தச் சூட்டில் கதைக்கவே வாய் காயும். சுற்றிவளைக்காமல் சொன்னேன். சுளகு, நாலு அறை, 140, 412, கடிதம், எல்லாம். கடைசியாகத்தான் கை.

மண்வெட்டியைச் சுவரோடு சாத்திவிட்டு உமிச் சாக்கில் குந்தினான்.

"எந்தக் கை?"

"சோத்துக் கை."

"எப்ப?"

"சனிக்கிழமை."

"நான் கேட்டது வெள்ளி." அவன் முகம் சாம்பலாகிவிட்டது. "அஸ்தஃபிருல்லாஹ். அஸ்தஃபிருல்லாஹ்."

"ஏணியில வழுக்கினவன்டா. நரம்பு பிசகல்."

"ஏணியில வழுக்கப் பண்ணினது ஆரு?"

அவன் எழும்பி அடுப்பைப் பார்த்தான், பொயிலர்க் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தான். பழக்க தோசம். பிறகு திரும்பினான்.

"காத்து எந்தப் பக்கமாம்?"

"கடல்ல இருந்து ஊருக்குள்ள."

"ஊருக்குள்ள," என்று திருப்பிச் சொன்னான்.

கலந்தர் ஏன் காற்றைக் கேட்டான் என்பது இந்த ஊரில் பழைய ஆட்களுக்குத் தெரியும். உமி எரித்தால் புகைக் குழாயில் கரி படியும். பத்து நாளைக்கு ஒருமுறை குழாயைத் தட்ட வேண்டும். தட்டினால் கறுப்புச் சாம்பல் கிளம்பி, காற்றுப் போகிற பக்கமுள்ள வளவுகளில் கொட்டும். மற்ற மில்களில் நினைத்த நேரம் தட்டுவார்கள். கலந்தர் முதலில் வெளியே வந்து நிற்பான், ஒரு பிடி உமியை மேலே எறிந்து காற்றுப் பார்ப்பான். பிறகு அந்தப் பக்கத்து வளவு வளவாகப் போவான். "துணி காயப் போட்டிரிந்தா எடுங்க புள்ளைகள், குழாய் தட்டப் போறன்!" கொடியில் கடைசித் துணி எடுபடும் வரைக்கும் தட்டமாட்டான். ஸஹீத் ஹாஜியார் ஏசிப் பார்த்தார். "புகைக்குப் பாஸ்போட் எடுத்துக் குடுக்கான் கலந்தர்," என்று கேலியும் பண்ணினார். அவன் கேட்கவில்லை. இருபத்தாறு வருடமாக அப்படித்தான்.

"காக்கா," என்றான். "எனக்கு வளவு வளவாப் போய்க் கத்தத்தான் ஏலுமாயிரிந்திச்சு. அந்தப் புள்ள நூற்றைம்பது மெகாவாட்டக் கழுத்தில புடிச்சுக் குறைச்சிரிக்கி."

சொல்லிவிட்டு அவன் அழவில்லை. கரிக் கையால் மூக்கைத் துடைத்தான். மூக்கு கறுப்பாகிவிட்டது.

அடுத்த நாள் பகல் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பாயில் சஹன் வைத்தாள் சரீபா. மாட்டிறைச்சி ஆணமும் புளியாணமும் கத்தரிக்காய்ப் பொரியலும். கலந்தர் உட்கார்ந்து, "மருமகன், வாங்க," என்றான். முர்ஷித் கையைக் கழுவிய மாதிரியும் கழுவாத மாதிரியும் கிணற்றடியில் நின்றான்.

"வாங்க எண்டன்."

வந்தான். கரண்டியை இடது கையில் எடுத்தான். கலந்தர் அதைப் பிடுங்கிக் கோப்பைக்குள் போட்டான். சோற்றைக் குழைத்து, இறைச்சித் துண்டொன்றை நடுவில் வைத்து, உருட்டி, மருமகனின் வாய்க்கு நேரே நீட்டினான்.

குசினி வாசலில் சரீபா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமன் மருமகனுக்கு ஊட்டிவிட்டதை எழுபத்திரண்டு வயதில் நான் கண்டதில்லை.

"மாமா, வேணாம்…"

"வாயத் தொறங்க. இந்தக் கைக்கு நான்தான் பொறுப்பு. சுகப்படுமட்டும் நான் தாறன்."

அவன் திறந்தான். ஒரு வாய். இரண்டு வாய். மூன்றாவது வாயில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. றுக்ஸானா உள்ளேயிருந்து, "வாப்பா, பெரிசாப் போடாதீங்க, விக்கப் போகுது," என்றாள். எல்லாருக்கும் சிரிப்பு வந்தது.

"மாமா," என்றான் முர்ஷித், வாய்ச் சோற்றை விழுங்கிவிட்டு. "நான் கடிதத்த எழுதிக் குடுத்திட்டா…"

"எந்தக் கையால?"

"றுக்ஸானா எழுதி, நான் கையெழுத்து…"

"நான் எழுத மாட்டன்," என்றது உள்ளேயிருந்து குரல்.

"மருமகன், நான் ஒண்டு செல்றன்," என்றான் கலந்தர். "கடிதம் உங்கட பாடு. நான் அதில தலைப்போட மாட்டன். ஆனா நான் கேட்ட பதுவாவ நான்தான் திருப்பி எடுக்கணும். வெள்ளிக்கிழமை மட்டும் பொறுங்க."

"ஊட்டில வெச்சு மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்ங்க, காணாதா?" என்றாள் சரீபா. அவளுக்குப் பயம். மருமகனை வேலையிடத்திலிருந்து துரத்தி வைத்திருக்கிறார்கள் என்று அதுவரைக்கும் தெருவுக்குத் தெரியாது. வியர்வையில் அவிந்த எழுநூறு பேரும் இனி இந்த வீட்டைத்தான் பார்ப்பார்கள்.

"முத்தத்தில கேட்டன். முத்தத்திலதான் எடுக்கணும்."

வெள்ளிக்கிழமை கரண்ட் போகவில்லை. குத்பா கணீரென்று கேட்டது. கலந்தர் வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தான், புதிது. தொழுகை முடிந்ததும் எல்லாருக்கும் முந்தி வெளியே வந்து அதே இடத்தில் நின்றான்.

"நில்லுங்க! எல்லாரும் ஒரு நிமிஷம் நில்லுங்க. போன வெள்ளிக்கிழமை நான் இதில நிண்டு ஒரு பதுவா கேட்டன். நீங்க ஆமீன் செல்லினீங்க. அந்தக் கரண்ட நிப்பாட்டினது என்ட மருமகன்."

முற்றம் சலசலத்தது.

"ஒங்கட மருமகனா எங்கள அவிச்ச?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டான்.

"ஓம். என்ட மருமகன்தான். சங்குமுனைப் புகைக்கூட்டால சாம்பல் போய் ஒரு ஊருக்கு மேல கொட்டினது. அந்தச் சனம் எங்களுக்குச் சொந்தமில்ல, பந்தமில்ல. எல்லாரும் பொய் இலக்கம் எழுதக்குள்ள இந்தப் புள்ள உண்மைய எழுதிப்போட்டு மெஷினக் குறைச்சிரிக்கி. அதுக்காக ஊட்டுக்கு அனுப்பியிரிக்கானுகள். களவுக்கு இல்ல. கேட்டுக்கொள்ளுங்க, களவுக்கு இல்ல."

ஸஹீத் ஹாஜியார் முன்வரிசையில் நின்றவர். "கலந்தர், நாப்பது மூட்ட நெல்லு?" என்றார்.

"அது என்ட பிழை ஹாஜியார். பொயிலரப் பாத்துக்கொண்டு தொட்டிய மறந்திட்டன். தொட்டி மடையத் தொறந்து தண்ணிய உட்டிரிந்தா நெல்லு தப்பியிரிக்கும். கரண்டுக்காரன்ட தலையில போட்டன்."

கேற்றுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு செல்லத்தம்பி நின்றான். புதிதாக நெல் கொண்டுவந்தவன், மில் திறக்கக் காத்திருந்தான். அவனுக்கும் கேட்டிருக்கிறது.

"கலந்தர் அண்ணே!" என்று கூப்பிட்டான். "அந்தச் சனத்தின்ர கருவாடு தப்பினாச் சரி. என்ர நெல்லக் கோழி திண்டிட்டுது. அடுத்த தரம் நிப்பாட்ட முதல் எனக்கும் ஒரு சத்தம் வைக்கச் சொல்லுங்க உங்கட மருமகன!"

சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்புக்குள் கலந்தர் கையிரண்டையும் தூக்கினான். இந்த முறை கழுவிய கை.

"யா அல்லாஹ், நான் தெரியாமக் கேட்டன். அத நீ எடுத்திராத. அந்தக் கைக்குப் பலத்தக் குடு. அது எழுதினத எழுதினபடி நிக்க உடு."

முதலில் நான் சொன்னேன்: "ஆமீன்!" முதல் கிழமை சொன்னதைவிட இரண்டு மடங்கு சத்தமாகச் சொன்னேன். அதை அழிக்க இது வேண்டும். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. பிறகு முற்றம் முழுக்க வந்தது.

முர்ஷித் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ எடுக்கிற தொட்டியடியில் நின்றான். வீட்டுக்கு வருகிற வழியில், "பெரிய மாமா, நான் எழுதல்ல," என்றான்.

"நீ எழுதினாலும் இனி ஆரும் நம்ப மாட்டானுகள்," என்றேன்.

சனிக்கிழமை பஸ் ஏறினான். சரீபா இடியப்பமும் இறைச்சிப் பொரியலும் கட்டிக் கொடுத்தாள். கலந்தர் பஸ் நிலையத்துக்கு வந்தான். மருமகனின் பையை அவன்தான் தூக்கினான். கண்டவர்களிடமெல்லாம், "விசாரணைக்குப் போறாரு," என்று கல்யாணத்துக்குப் போகிற மாதிரிச் சொன்னான்.

விசாரணை எப்படி நடந்தது என்று முர்ஷித் போனில் சொன்னதுதான் எனக்குத் தெரியும். கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்களாம். இவன் அதே தாளைக் காட்டினானாம். மூன்று நாள் தானும் பொய் எழுதியதையும் சொன்னானாம். வந்தவர்களில் ஒருவர், வயது போன ஆள், வேறொன்றும் கேட்காமல் ஏணியில் ஏறிப் போய்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னாராம். இறங்கி வந்தபோது அவர் தலை நரைத்ததா சாம்பலா என்று தெரியவில்லையாம். முர்ஷித்தை யாரும் மெச்சவில்லை. வேலையை எடுக்கவும் இல்லை. பொய் எழுதின மூன்று நாளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். "அது ஞாயமானதுதான்," என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மில்லில் புகை நின்றுவிட்டது. நான் என்னவென்று பார்க்கத் தெருவுக்கு வந்தேன். கலந்தர் வளவு வளவாகப் போய்க்கொண்டிருந்தான். வேலிக் கடப்பில் கையை ஊன்றி நின்று உள்ளே சத்தம் வைத்தான்.

"புள்ளைகள்! பன்னெண்டரைக்குக் கரண்ட் போகும், மூணு மணிக்கு வரும்! தண்ணி புடிச்சு வைங்க! மா அரைக்கிறதெண்டா இப்பவே அரைங்க!"

"ஆரு மாமா செல்ற?" என்று ஒரு வளவுக்குள்ளிருந்து கேட்டாள் ஒருத்தி.

"என்ட மருமகன் வெட்டுறவனுகள்ட்டக் கேட்டுச் செல்றாரு! சங்குமுனையில மெஷின நிப்பாட்டிப் பெட்டி திருத்தப் போறாங்க. நாலு அறையும்!"

செல்லத்தம்பிக்கு என் முன்னால்தான் போன் எடுத்தான். "தம்பி, இண்டைக்கு நெல்லு கொண்டுவராத. நீ சத்தம் வைக்கச் சொன்னாய்தானே? வைக்கன்." பாங்கு சொல்கிற மோதினாரிடம் போய், கதீப்பை இன்று தொண்டை திறந்து ஓதச் சொல்லுங்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தான். அடுப்பு வெறுமையாகக் கிடந்தது. ஊறல் தொட்டி காய்ந்து கிடந்தது. பம்பு நின்றால் நிற்கட்டும்.

பள்ளியில் முதல் வரிசையில், காற்றாடிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தான். நான் பக்கத்தில். கதீப் எழும்பினார். தொடங்கினார்.

மைக் செத்தது. காற்றாடி அடங்கியது. பின்வரிசைகளில் தலைகள் நிமிர்ந்தன. எல்லாக் கண்ணும் கலந்தரின் முதுகில். கதீப் தொண்டை திறந்து ஓதினார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. கலந்தரின் கழுத்தால் வியர்வை இறங்கிப் புதுச் சேர்ட்டை நனைத்தது. அவன் துடைக்கவில்லை. இருந்த இடத்தை விட்டு அசையவும் இல்லை.

மைக் செத்தபோதே நான் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துவைத்திருந்தேன். என்னால் எதையும் சரி பார்க்காமல் விடமுடியாது.

தொழுதுவிட்டு வெளியே வந்ததும் சொன்னேன். "உன்ட மருமகன் ரெண்டு நிமிஷம் பிந்திட்டான். பன்னெண்டு முப்பத்திரெண்டுக்குத்தான் போனது."

கலந்தர் செருப்பை மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"பள்ளி மணிக்கூடு ரெண்டு நிமிஷம் முன்னுக்கு ஓடுது காக்கா," என்றான். "திருத்தச் செல்லுங்க."